மூடியைப் பார்த்து மெஷின் வாங்கு

பீரைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன் மாப்பிள்ளை, பிறகு மெஷினுக்கு வருவோம். மேல்சித்தாமூரில் மடத்துக்கும் பார்சுவநாதர் கோயிலுக்கும் இடையில் ஓடித் திரிந்து வளர்ந்தவன் நான். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடும் சமணக் குடும்பம் நம்முடையது. மது நம் வாசற்படி ஏறியதில்லை. பிழைக்கப் போன ஊர் கிருஷ்ணகிரி. 1937-இல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். கிருஷ்ணகிரி அன்று அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அங்கே என்னோடு வேலை பார்த்த பெண்கள் பலர், மதுவிலக்குக் காலத்தைத் தங்கள் பாட்டிமார் எப்படி நினைவு வைத்திருந்தார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். சம்பள நாளில் ஆலைக் கேட்டுக்கு வெளியே புருஷனுக்குப் பயந்து நின்ற பெண்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே, குடிக்காதே என்று உனக்குச் சொல்வேன். இந்தத் தொழில் வேண்டாம் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

நீ உணவுத் தொழில்நுட்பம் படித்தாய். பெங்களூரில் பீர் தயாரிக்கும் விடுதி ஒன்றில் வேலை கற்றாய். இப்போது நண்பர்களோடு கோவாவில் இடம் பார்த்திருக்கிறாய். முடிவு உன்னுடையது. ஆனால் டின் அடைக்கும் மெஷின் எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டுவிட்டாய். கற்ற வித்தையைக் கேட்ட பிள்ளைக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அடைக்கிறது எதுவாக இருந்தாலும், அதைத் திறக்கிறவன் ஒரு மனிதன். அவன் கையில் கெட்ட டின் போய்ச் சேரக் கூடாது.

என் தொழில் மாங்கூழ். நம் பக்கத்துச் செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைகளில் ஒன்றுக்கும் கிருஷ்ணகிரி என்றே பெயர். நான் சொல்வது பர்கூர், காவேரிப்பட்டணம் சுற்றிய மாம்பழக் கிருஷ்ணகிரி. பெங்களூரா என்று அங்கே சொல்லும் தோத்தாபுரி மாம்பழம் ஜூன், ஜூலையில் லாரி லாரியாக வந்து இறங்கும். கூழாக்கி, சூடாக டின்னில் நிரப்பி, மூடி போட்டு, கொதிநீரில் வேகவைத்து, குளிரவைத்துக் கப்பலேற்றுவார்கள். மூன்று கிலோ நூறு கிராம் பிடிக்கும் பெரிய டின். அந்த டின்னுக்கு மூடி போடுகிற சீமர் மெஷினுக்கு ஃபிட்டராக என் காலம் போனது. உன்னுடையது அரை லிட்டர் அலுமினிய கேன். அளவு வேறு, உலோகம் வேறு, உள்ளே இருப்பது வேறு. மூடி போடும் முறை மட்டும் அதேதான்.

அந்த முறையை நீ கையால் வரைந்து காட்டும் அளவுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். கேனின் வாய் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். மூடியின் ஓரம் உள்பக்கமாகச் சுருண்டிருக்கும். கீழே இருக்கும் தட்டு கேனைத் தூக்கிப் பிடிக்கும். மேலே இருக்கும் சக் மூடியின் குழிக்குள் இறங்கி உட்காரும். முதல் ரோல் பக்கவாட்டில் வந்து மூடியின் ஓரத்தைக் கேன் விளிம்புக்கு அடியில் சுருட்டி நுழைக்கும். அது விலகியதும் இரண்டாவது ரோல் வந்து அந்தச் சுருளை அழுத்தித் தட்டையாக்கும். முடிந்த பிறகு அந்த விளிம்பில் ஐந்து அடுக்கு உலோகம் இருக்கும்: மூடியுடையது மூன்று, கேனுடையது இரண்டு. இடுக்குகளில் ரப்பர் போன்ற பூச்சு நிறைந்திருக்கும். இதைத்தான் டபுள் சீம் என்கிறோம். கண்ணாடிப் பாட்டில் மூடி சரியாக உட்காராவிட்டால் பார்த்தாலே தெரியும். டபுள் சீம் வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே கொக்கி கொக்கியைப் பிடிக்காமல் இருக்கும். வெட்டிப் பார்த்தால்தான் உண்மை வெளியே வரும்.

மாங்கூழில் சீம் தோற்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறேன். சூடாக அடைத்த டின் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். சீமில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் குளிரவைக்கும் தண்ணீரை டின் உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீரோடு கிருமியும் போகும். சில நாளில் டின் ஊதிவிடும். கிடங்கில் டின்களைச் சிறு கம்பியால் தட்டிப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். பர்கூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் தட்டிய சத்தத்திலேயே உள்ளே வெற்றிடம் இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்லிவிடுவார். எஞ்சினியர்கள் கருவி வைத்துச் சரிபார்த்துவிட்டு அவர் ஒதுக்கியதையே ஒதுக்குவார்கள். மெஷினைப் பற்றி நான் கற்றதில் பாதி அவர் ஒதுக்கிய டின்களை வெட்டிப் பார்த்துக் கற்றது. உன் இடத்திலும் அப்படி ஒருவர் வருவார். சம்பளத்தில் கீழே இருக்கிறார் என்று அவர் பேச்சைத் தள்ளிவிடாதே.

பீரில் கதை தலைகீழ். உள்ளே வெற்றிடம் கிடையாது, அழுத்தம்தான். ஒரு லிட்டர் பீரில் சுமார் இரண்டரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். கேனின் சுவர் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அது நசுங்காமல் விறைப்பாக நிற்பதே அந்த அழுத்தத்தால். சூடு ஏற ஏற அழுத்தமும் ஏறும். சிறிய ஆலைகள் பெரும்பாலும் பாஸ்டரைஸ் செய்வதில்லை. ஈஸ்ட்டும் சர்க்கரையும் மிச்சம் இருந்தால் கேனுக்குள்ளேயே மறுபடி புளிக்கத் தொடங்கும். சித்திரை வெயிலில் வேனுக்குள் கிடக்கும் கேன் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். வெடிக்கிற கேனுக்குச் சீம் மட்டும் காரணமில்லை, ஆனால் சீம் பலவீனமாக இருந்தால் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

இன்னொரு எதிரி காற்று. மாங்கூழும் காற்றால் கறுக்கும், ஆனாலும் கொஞ்சம் பொறுக்கும். பீர் பொறுக்காது. கேனுக்குள் தங்கும் ஆக்சிஜனை நூறு கோடியில் இத்தனை பங்கு என்று கணக்கிடுகிறார்கள். ஐம்பது பங்குக்குள் நிறுத்த வேண்டும் என்று நல்ல ஆலைகள் பாடுபடுகின்றன. அதைத் தாண்டினால் முதலில் ஹாப்ஸின் வாசனை போகும், பிறகு நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். இது எனக்கு நாவால் தெரிந்ததல்ல. நீ கொடுத்த புத்தகங்களைப் படித்தும், பெங்களூரில் நீ வேலை கற்ற இடத்தாரிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன். அதனால்தான் நிரப்பும் முன் கேனுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஊதுகிறார்கள். பீரை உறைநிலைக்குச் சற்று மேலே, ஒன்றிரண்டு டிகிரியில் வைத்து நிரப்புகிறார்கள். நுரை கேனின் வாய்க்கு மேலே பொங்கி நிற்கும்போது மூடி அதன்மேல் விழ வேண்டும். நுரைக்கும் மூடிக்கும் நடுவில் காற்றுக்கு இடமே இருக்கக் கூடாது. மெஷின் பார்க்கப் போகும்போது நீ உற்றுப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்: நிரப்பும் குழாய் விலகியதிலிருந்து மூடி விழும்வரை. அங்கே கேன் எத்தனை நேரம் வாய் திறந்து நிற்கிறது என்று பார்.

இங்கேதான் விற்கிறவர்களின் சாமர்த்தியம் ஒன்று இருக்கிறது. மெஷினைத் தண்ணீரில் ஓட்டிக் காட்டுவார்கள். தண்ணீர் நுரைக்காது. சமர்த்தாக உள்ளே போகும், அளவாக நிற்கும், எல்லா மெஷினும் தண்ணீரில் நன்றாகத்தான் ஓடும். உன் பீரை, உன் குளிர்ச்சியில், உன் கேனில், உன் மூடியோடு ஓட்டிக் காட்டச் சொல். முடியாது என்றால், அந்த மெஷின் ஏற்கெனவே ஓடும் ஆலை ஒன்றின் பெயரைக் கேட்டு வாங்கி, நீயே போய் ஒரு முழு நாள் நின்று பார். காலையில் ஓட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதே. கழுவும் நேரம்வரை இரு. கழுவுகிறவனின் முகத்தில் அந்த மெஷினின் குணம் எழுதியிருக்கும்.

மூடியைப் பற்றி இன்னும் ஒன்று. 202 என்று ஒரு அளவு சொல்வார்கள். குறுக்களவு இரண்டு அங்குலமும் பதினாறில் இரண்டு பங்கும். சரி, 202 மூடிக்கு மெஷின் கேட்டோம், 202 மூடி வாங்கினோம் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. 202-லேயே பி64 என்று ஒரு வடிவம், சி.டி.எல். என்று ஒரு வடிவம். மூடியின் உட்சுவர்ச் சரிவு இரண்டிலும் வேறு. ஒன்றுக்குச் செய்த சக் மற்றொன்றில் சரியாக உட்காராது. பார்வைக்கு மூடி ஏறிவிடும், சீம் கெட்டுப்போகும். ஆகவே மெஷினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, கேனும் மூடியும் எங்கிருந்து வரப் போகிறது என்பதை முடிவு செய். சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் ‘பால்’ (Ball) என்ற நிறுவனத்தின் கேன் ஆலை இருக்கிறது. மும்பைப் பக்கம் தலோஜாவிலும் அவர்களுக்கு ஆலை உண்டு. யாரிடம் வாங்கினாலும் அந்தக் கேனுக்கும் மூடிக்கும் உரிய சீம் அளவுத் தாளைக் கேட்டு வாங்கு. சீமின் உயரம் இரண்டரை மில்லிமீட்டர் சுற்றளவில் இருக்கும். தடிமன், கொக்கிகளின் நீளம், ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் அளவு, எல்லாவற்றுக்கும் அவர்கள் எல்லை போட்டுக் கொடுப்பார்கள். அந்தத் தாளை மெஷின்காரனிடம் காட்டி, இந்த அளவுக்குள் சீம் வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள். அச்சடித்த கேன் வேண்டுமென்றால் லாரிக் கணக்கில் எடுக்கச் சொல்வார்கள். தொடக்கத்தில் வெறும் கேனில் லேபிள் ஒட்டினால் போதும். கிடங்கில் பணம் தூங்கக் கூடாது.

இனி வேகம். உங்கள் கூட்டத்தில் ஒரு பிள்ளை நிமிடத்துக்கு நூறு கேன் ஓடும் மெஷின் வேண்டும் என்றானே, அவனுக்காக இந்தக் கணக்கு. உங்கள் தொட்டி ஆயிரம் லிட்டர். அரை லிட்டர் கேனில் இரண்டாயிரம் கேன். நிமிடத்துக்கு முப்பது ஓடினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். நூறு ஓடினால் இருபது நிமிடம். ஆனால் குழாய்களைக் கழுவி, குளிரவைத்து, முதல் கேன்களை வெட்டிப் பார்த்து, ஓட்டி முடித்து, மறுபடி கழுவி வைக்க இரண்டிலும் அரை நாள் போய்விடும். மிச்சமாகும் நாற்பத்தைந்து நிமிடத்துக்காகப் பல மடங்கு பணமா? கையால் ஓட்டும் சிறிய மெஷினிலோ வேறு தொல்லை: நிமிடத்துக்கு ஐந்து என்றால் இரண்டாயிரம் கேனுக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம். ஆளும் ஓய்ந்துபோவான், பீரும் சூடாகும். உன் தொட்டியை ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிக்கிற மெஷின் எதுவோ அதுதான் உன் மெஷின். தொட்டி இரண்டானால் வாரத்தில் இன்னொரு நாள் ஓட்டு.

கையால் ஓட்டியே பெயர் வாங்கியவர்களும் உண்டு. பீரை முதன்முதலில் கேனில் விற்றது அமெரிக்காவின் க்ரூகர் நிறுவனம், 1935 ஜனவரியில், வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில். அதிலிருந்து அறுபது எழுபது வருடம் கேன் என்பது பெரிய ஆலைகளின் சொத்தாகவே இருந்தது. சிறிய ஆலைக்காரர்கள் பாட்டிலை விட்டு நகரவில்லை. 2002-இல் கொலராடோ மலையடிவாரத்தில் லயன்ஸ் என்ற சிற்றூரில், டேல் கடேச்சிஸ் என்பவர் தன் ஆஸ்கர் ப்ளூஸ் ஆலையில், கனடாவின் கால்கரியிலிருந்த காஸ்க் நிறுவனத்தின் மேசை மெஷினை வைத்துக் கையாலேயே அடைக்கத் தொடங்கினார். பிறகு அமெரிக்கா முழுவதும் சிறிய ஆலைகள் கேனுக்கு மாறின. அவர் சின்ன மெஷினில் தொடங்கியதால் உனக்கும் அதுவே சரி என்று நான் சொல்லவில்லை. அன்று தன் கையில் இருந்த ஊருக்கும் விற்பனைக்கும் தக்க மெஷினை அவர் எடுத்தார் என்பதைக் கவனி.

பணம் கொடுப்பதற்கு முன் உரிமத்தைப் பார். பெங்களூரில் இந்திராநகர் டாய்ட் விடுதி 2010-இல் தொடங்கியதிலிருந்து எத்தனையோ விடுதிகள் சொந்தமாகப் பீர் தயாரிக்கின்றன. அவர்களுக்கு இருக்கும் உரிமம் அங்கேயே ஊற்றிக் கொடுப்பதற்கானது. டின்னில் அடைத்துக் கடைக்கு அனுப்ப வேறு உரிமம் வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். நம் தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கையில். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மதுபான விதிகள் 2019 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன. லேபிளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். அதைப் பொடி எழுத்தில் ஒளித்து வைக்காதே. எனக்காக இதையாவது செய்.

அடுத்து, மெஷின் நிற்கும் நாள். எந்த மெஷினும் நிற்கும். அன்று தொட்டி நிறையப் பீர் இருக்கும், கேன் பிரித்து வைத்திருப்பாய், லாரி வாசலில் நிற்கும். அப்போது போனை எடுத்துப் பேசுகிறவன் யார், அவன் எந்த ஊரில் இருக்கிறான், உதிரிப்பாகம் வர எத்தனை நாள் என்பதை வாங்கும்போதே கேள். வெளிநாட்டு மெஷின் என்றால் உதிரிப்பாகம் விமானத்திலும் சுங்கத்திலும் கிடக்கும் நாளையும் சேர்த்துக்கொள். எதை உள்ளூரில் செய்துகொள்ளலாம், எதைத் தொடவே கூடாது என்று பிரித்து வை. கன்வேயர் உருளை, புஷ், வழிகாட்டிப் பட்டை, இவற்றைச் செஞ்சியிலோ திண்டிவனத்திலோ இருக்கும் லேத் பட்டறைக்காரரே அருமையாகக் கடைந்து கொடுப்பார். சீமிங் ரோலை மட்டும் அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கொடுக்காதே. அதன் பள்ளத்தின் வளைவில்தான் உன் சீமே இருக்கிறது. மெருகேற்றுகிறேன் என்று தேய்த்தாலே போச்சு. முதல் ரோல் ஒரு ஜோடி, இரண்டாம் ரோல் ஒரு ஜோடி, சக் ஒன்று, பியரிங்குகள், ஓ-ரிங்குகள், சென்சார் இரண்டு, நிரப்பும் வால்வின் கேஸ்கட் முழு செட், இவை முதல் நாளிலிருந்தே பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். மெஷின் விலையோடு சேர்த்துப் பேரம் பேசினால் குறைத்துத் தருவார்கள். பிறகு கேட்டால் தர மாட்டார்கள்.

பழைய மெஷின் மலிவாக வந்தால் வெறுக்க வேண்டாம். சக்கைக் கையால் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பார். ஆட்டம் இருந்தால் பியரிங் போயிருக்கிறது. ரோலின் பள்ளத்தை விரலால் தடவிப் பார். பழைய லாக் புக்கைக் கேள். லாக் புக் இல்லை என்றால் விலையை எவ்வளவு குறைத்தாலும் எழுந்து வந்துவிடு.

இனி பராமரிப்பு. நம் வீட்டில் உன் பாட்டி தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடத்தில் ஊற்றியதில்லை. உயிர்க்கொலை கூடாது என்பதற்காக வடிகட்டினாள். வடிகட்டிய துணியை அலசி, அந்தத் தண்ணீரை எடுத்த கிணற்றிலேயே விட்டாள். ஒரு நாளும் தவறியதில்லை. பார்க்கிறவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்தாள். மெஷின் பராமரிப்புக்கு எனக்குத் தெரிந்த பாடம் அவளிடம் வந்ததுதான். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுக்கு ஒரு ஃபில்டர், கார்பன் டை ஆக்சைடுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று உன் ஆலையில் இருக்கும். அவை அடைபட்டதை யாரும் பார்ப்பதில்லை. மெஷின்தான் மெல்ல மெல்லக் காட்டும். கோவா ஈரக்காற்று ஊர். கம்ப்ரசர் டேங்கின் அடியில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்து விட வேண்டும். விடாவிட்டால் அது காற்றுக் குழாய் வழியாக சிலிண்டருக்குப் போய்த் துருவேற்றும். பிறகு சீமரின் தட்டு ஒரு நாள் வேகமாக ஏறும், ஒரு நாள் மெதுவாக ஏறும், உனக்குக் காரணம் புரியாது.

ஓட்டம் முடிந்ததும் மெஷினை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. பீரில் இருக்கும் சர்க்கரை காய்ந்தால் பசை. ரோலின் பியரிங்கில் அது ஏறினால் ரோல் சுற்றுவதற்குப் பதிலாக உரசத் தொடங்கும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர். நிரப்பும் குழாய்களுக்குள் காஸ்டிக், பிறகு நல்ல தண்ணீர், முறை வைத்து ஆசிட், ஓட்டுவதற்கு முன் பெர்அசிட்டிக் ஆசிட். எந்த மருந்து எவ்வளவு என்பதை மருந்து கொடுப்பவரின் தாளைப் பார்த்து அளந்து ஊற்று, கண்ணளவு வேண்டாம். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்றுவிடும். மெஷினில் அலுமினியப் பாகம் எது என்று குறித்துவை; கேன் இருக்கும் இடத்தில் காஸ்டிக் தெறிக்கக் கூடாது. குளோரினையும் ஆசிட்டையும் ஒரே அலமாரியில் வைக்கவே வைக்காதே, கலந்தால் விஷவாயு. குளோரின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். கிரீஸ் உணவுக்கு ஏற்றதாக இருக்கட்டும். அதிகம் வைப்பதும் கெடுதல்தான், வழிந்து மூடியில் விழும். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, தரையோடு படுத்திருக்கும். வாயுவை எச்சரிக்கும் கருவி இல்லாத அறையில் யாரையும் தனியாக வேலை செய்ய விடாதே. இதில் மட்டும் செலவைப் பார்க்காதே.

சீமை வெட்டிப் பார்ப்பது எப்போது என்று கேட்டாய். காலையில் தொடங்கும்போது, ஓடும்போது மணிக்கு ஒரு முறை, கேன் சிக்கி நின்று மறுபடி ஓடும்போது, மூடியின் பெட்டி மாறும்போது, ரோலைத் தொட்டபோது. இரண்டு கேன் வீணாகுமே என்று ஓட்டுகிறவன் தயங்குவான். அவன் தயக்கத்தை நீதான் போக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் எடுத்த அளவைத் தேதி, நேரம், பெயரோடு லாக் புக்கில் எழுதச் சொல். ஒரு நாள் அளவு எல்லைக்குள்தான் இருக்கும். பத்து நாள் அளவைச் சேர்த்துப் பார்த்தால் தடிமன் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது தெரியும். அதுதான் ரோல் தளர்கிறது என்று மெஷின் சொல்கிற மொழி. எல்லையைத் தாண்டிய பிறகு திருத்துகிறவன் வேலைக்காரன். தாண்டப் போகிறது என்று எழுந்து போய்ப் பார்க்கிறவன் ஃபிட்டர்.

நான் வேலை பார்த்த ஆலைகளில் ஒன்றில் நடந்ததை எழுத மனம் கனக்கிறது. சீசன் உச்சம். கேட்டுக்கு வெளியே மாம்பழ லாரிகள் வரிசையாக நின்றன. சீமரின் பாதுகாப்புக் கதவைத் திறந்தால் மெஷின் நின்றுவிடும். அதற்கென்று ஒரு சுவிட்ச் உண்டு. அடிக்கடி நிற்கிறதே என்று மேலே இருந்தவர்கள் அந்தச் சுவிட்சைக் கம்பியால் கட்டிவிட்டார்கள். அன்று ராத்திரி ஷிஃப்டில், சிக்கிய டின்னை எடுக்கக் கையை விட்ட பிள்ளைக்கு இரண்டு விரல் போனது. கல்யாணம் நிச்சயமாகியிருந்த பிள்ளை. லாரிகள் மறுநாளும் வந்தன. அந்தக் கம்பியை எடுத்துவிட்டார்கள், அந்தப் பிள்ளை திரும்ப வரவில்லை. உன் ஆலையில் பாதுகாப்புக் கதவின் சுவிட்சில் யாராவது கையை வைத்தால், அது உன் பங்காளியாக இருந்தாலும், அன்றே மெஷினை நிறுத்து. கையை உள்ளே விடுவதற்கு முன் மின்சாரத்தையும் காற்றையும் இரண்டையும் அடைக்க வேண்டும்; மின்சாரத்தை அடைத்த பிறகும் காற்றழுத்தத்தில் சிலிண்டர் இறங்கும். இதை எழுதிச் சுவரில் ஒட்டினால் போதாது. வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் நீயே நின்று செய்து காட்டு.

அதோடு சேர்ந்த இன்னொன்று. மெஷினை நிறுத்தும் உரிமை அதை ஓட்டுகிறவனுக்கு இருக்க வேண்டும். சத்தம் மாறியது, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று ஒரு பையன் நிறுத்தினால், பார்த்ததில் ஒன்றுமே இல்லை என்றாலும், அவனைத் திட்டாதே. ஒரு முறை திட்டிவிட்டால் அடுத்த முறை அவன் நிறுத்த மாட்டான். அந்த அடுத்த முறைதான் ஆயிரம் கேன் கெட்டுப் போகும் முறையாக இருக்கும். நல்ல ஆளை நல்ல சம்பளம் கொடுத்து வைத்துக்கொள். ஐ.டி.ஐ. முடித்து மெஷினைக் காதால் கேட்கத் தெரிந்த பிள்ளைகள் நம் செஞ்சி, திண்டிவனம் பக்கம் நிறைய இருக்கிறார்கள். வேலை தேடிச் சென்னைக்கும் ஓசூருக்கும் போகிறார்கள். அவர்களில் இருவரை அழைத்துப் போ. மெஷின் வருவதற்கு ஒரு மாதம் முன்பே வேலைக்கு எடுத்து, மெஷின்காரன் வந்து பொருத்தும்போது அவனோடு கூடவே நிற்க வை. பொருத்துகிறவன் திருகும் ஒவ்வொரு நட்டையும் அவர்கள் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் கற்றதைப் பிறகு எந்தக் கையேடும் கற்றுத் தராது.

நீயும் உன் நண்பர்களும் முதல் வருடம் மாற்றி மாற்றி மெஷினைக் கழுவுங்கள். முதலாளி கழுவுகிற மெஷினை மற்றவர்கள் அழுக்காக விட மாட்டார்கள்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன், விற்கிறவர் எழுதிக் கொடுத்த தாளையும், கேன் நிறுவனத்தின் சீம் அளவுத் தாளையும் எனக்கு அனுப்பு. முதல் ஓட்டத்தில் வெட்டிய கேன்களின் அளவை லாக் புக்கில் எழுதியபடியே போட்டோ எடுத்து அனுப்பு. கண் கொஞ்சம் மங்கல்தான், எண்களை இன்னும் நன்றாகப் படிக்க முடிகிறது. சரியில்லை என்றால் கோவாவுக்கு ரயிலேறி வந்துவிடுகிறேன். தங்க இடமும், பொழுது சாய்வதற்குள் சாப்பாடும் மட்டும் ஏற்பாடு செய்துவிடு.